சடையண்ணனுக்குத் தொட்டில் கட்டினோம்

செத்துப்போனவர் பெரட்டுக்கு வந்து நின்றார்.

மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் நரிமலைத் தேயிலைத் தோட்டமே அதற்குச் சாட்சி. அப்புத்தளைப் பக்கத்து மூடுபனியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், விடிகாலையில் கையை நீட்டினால் நம் விரலே நமக்குத் தெரியாது. ஆட்களை எழுப்பும் தப்பு அடித்து ஓய்ந்திருந்தது. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, யார் யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் இதற்குத்தான் பெரட்டு என்று பெயர்.

கடைசிப் பேரும் கூப்பிட்டாயிற்று. கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடினார். அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"என் பேரு விட்டுப்போச்சுங்களே."

"யாரது?"

"சடையனுங்க. பங்களா குசினிச் சடையன்."

கணக்கப்பிள்ளையின் கையிலிருந்த புத்தகம் சேற்றில் விழுந்தது. பெண்கள் வரிசை கலைந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குள் ஓடியது. ஒரு முறை வெறும் தடியால் சிறுத்தையை அடித்து விரட்டியதாக எங்களுக்கெல்லாம் அடிக்கடி சொல்லிவந்த பெரிய கங்காணி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது அங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது.

"என்ன சத்தம்? யார் அந்த மனுசன்?" என்றார் துரை, குதிரை மேலிருந்து.

"செத்தவனுங்க தொரை," என்றார் கங்காணி, குதிரைக்குப் பின்னாலிருந்து.

"செத்தவன் என்னத்துக்குப் பெரட்டுக்கு வந்தான்?"

"அதுதாங்க எங்களுக்கும் வெளங்கல."

நானும் அங்கேதான் நின்றேன். பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய பிள்ளைகளைப் பெரட்டு வரிசையிலிருந்து பொறுக்கி எடுப்பது தோட்டத்து வாத்தியாரான என்னுடைய காலை வேலை. மற்றவர்கள் பேய்க்குப் பயந்தார்கள். நான் பயந்ததற்குக் காரணம் வேறு. துரை கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நான் குடுத்த காயிதத்தில் இவன் செத்தவன் என்று இருந்ததா?"

தோட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. ஏனென்றால் அந்த மனிதரைச் சாகடித்தவன் நான்தான்.

சின்னதுரையின் நாக்கு

போன வாரம் இந்தப் பத்தியில் பள்ளிக்கூடக் கூரை காற்றில் போனதைச் சொன்னேன். கூரை போய் நாங்கள் ஆகாயத்தைப் பார்த்துப் பாடம் படித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் ஜெர்மன் சண்டையும் தொடங்கியது.

தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் பாதிப்பேர் ஜெர்மன் என்பது ஓர் ஆள் என்றே நினைத்திருந்தார்கள். "அந்தாளு ஏன் இப்பிடி ஆடுறான்? பொண்டாட்டி புள்ள கெடையாதா?" என்று சடையண்ணனின் மனைவி பேச்சாயி அக்கா என்னிடமே கேட்டார். நான் தேசப்படத்தை விரித்து ஜெர்மனியைக் காட்டினேன். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இம்புட்டூண்டா இருக்கான்?" என்றார்.

துரைக்கு உதவியாளரான எங்கள் சின்னதுரை இருபத்தைந்து வயதுப் பிள்ளை. மூக்கு மட்டும் வெயிலில் சிவந்திருக்கும், மற்றபடி நல்லவர். பட்டாளத்தில் அதிகாரியாகச் சேர்ந்து பம்பாய் வழியாகப் பஸ்ரா பக்கம் போக உத்தரவு வந்தது. அவருக்கு ஒரு பலவீனம். சடையண்ணன் சமைத்ததைத் தவிர வேறெதுவும் தொண்டைக்குள் இறங்காது. பட்டாளத்து அதிகாரிகள் சொந்த வேலைக்காரரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சட்டம் இருந்ததாம். ஆகவே சண்டைக்கு அவர் போனார், அவர் நாக்குக்காக எங்கள் சடையண்ணனும் போனார்.

"சண்ட போடுறவனத்தானே சுடுவாங்க? கரண்டியோட நிக்கிறவன யாரு சுடப்போறா?" என்று அண்ணன் சொல்லிவிட்டு, அப்புத்தளை ஸ்டேஷனில் ரயிலேறினார். தலைப்பாகைக்குள் மல்லித்தூள் பொட்டலம் ஒன்று வைத்திருந்தார். பஸ்ராவில் நல்ல மல்லித்தூள் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலை அவருக்கு. பேச்சாயி அக்கா ஸ்டேஷனுக்கு வரவில்லை. கொழுந்து நிறையக் கிடந்தது, வேலை விட்டுவர முடியவில்லை.

முதல் வருஷம் இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. சண்டை முடிந்துவிட்டதென்று துரை பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அதற்குப் பிறகும் ஒன்றுமில்லை.

என் அகராதி

மிட்டாய் கொடுத்துச் சில மாதம் கழித்துப் பட்டாளத்து ஆபீசிலிருந்து இரண்டு காகிதம் வந்தன. ஒன்று, சின்னதுரை இறந்துவிட்டார் என்று. அது துரைக்கு முன்பே தெரியும். இன்னொன்று சடையண்ணனைப் பற்றியது. துரை அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டி, "அந்தப் பொம்பளைக்குச் சொல்லு," என்றார்.

ஒரு பெரிய சண்டையில் எல்லோருக்கும் காகிதம் எழுதிய பிறகு கடைசியில்தான் சமையற்காரர்கள் நினைவுக்கு வருவார்கள் போலும். வரிசையாக அச்சடித்த படிவத்தில் அண்ணனின் பெயரை மட்டும் கையால் எழுதியிருந்தார்கள். பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல். மிஸ்ஸிங்.

நான் பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஊவா மாகாணத்திலேயே எனக்குத் தெரிந்த அளவுக்கு இங்கிலீசு தெரிந்தவன் இல்லை என்பது என்னுடைய அந்தக் காலத்து அபிப்பிராயம். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அகராதியைப் புரட்டினேன். காணாமற் போதல் என்றும் இருந்தது, தவறுதல் என்றும் இருந்தது. காணாமல் போவதென்றால் ஆடு காணாமல் போகும், வெங்கலச் செம்பு காணாமல் போகும். ஒரு மனிதனுக்கு, அதுவும் சக்கரவர்த்தியின் பட்டாளத்தோடு போன மனிதனுக்கு, கொஞ்சம் கௌரவமான சொல்லாக இருக்கட்டுமே என்று இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினேன். பேச்சாயி அக்கா கூடையோடு தேயிலைச் செடி நிரையில் நின்றார்.

"அக்கா, காயிதம் வந்திருக்கு. அண்ணன் தவறிட்டாருன்னு எழுதியிருக்காங்க."

இதைப் படிக்கும் உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு மட்டும்தான் சொல்லி முடிக்கும் வரை விளங்கவில்லை. நம் மொழியில் ஒரு மனிதர் தவறிவிட்டார் என்றால் அவர் வழி தவறினார் என்றா யாராவது எடுத்துக்கொள்வார்கள்?

 அக்காவின் கை இன்னும் இரண்டு செடி கொழுந்து பறித்தது. பிறகு நின்றது. பக்கத்து நிரையில் நின்ற பெண்கள் ஓவென்று கத்தினார்கள்.

"இல்லக்கா, அந்தத் தவறல் இல்ல, இது வேற…" என்று நான் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அந்த ஒப்பாரியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் மலையிலிருந்து இறங்குவதற்குள் கீழே லயத்தில் சாவுத் தப்பு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு லயத்துக்குப் போனேன். பெரிய கங்காணி எதிரே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துல வந்தீங்க வாத்தியாரே. படிச்சவரு, நாலு வார்த்த பேசுங்க." கூட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பேசினேன். ரொம்ப நன்றாகப் பேசினேன். பல பேர் அழுதார்கள். அதைப் போல் இன்றுவரை இன்னொரு முறை என்னால் பேச முடிந்ததில்லை.

இருபத்து மூன்று வயதில் மனிதனுக்கு உயிரைவிட மானம் பெரிதாகத் தெரிகிறது. அதுவும் அடுத்தவன் உயிராக இருந்தால் கேட்கவே வேண்டாம். இத்தனை காலம் காணாமல் போனவன் செத்திருக்கத்தான் வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். துரைக்காவது தெரிந்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். லயத்தில் நடந்ததை அவரும் பார்த்தார். காணாமல் போனவர்களுக்கும் இந்த ஆட்களிடம் ஏதோ ஒரு சடங்கு இருக்கிறது போலும் என்று நினைத்து அரை நாள் லீவும் கொடுத்தார்.

பதினாறாம் நாள் கருமாதி. அரிசிக் கப்பல் ஒழுங்காக வராமல் ஊரே குரக்கன் என்கிற கேழ்வரகுக் களி தின்று வயிறு நொந்திருந்த காலம். சடையண்ணன் மேல் வைத்திருந்த பிரியத்தில் வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்து கொட்டிச் சோறாக்கினார்கள். அன்றுதான் அக்காவின் வளையலை உடைத்துத் தாலியை வாங்கினார்கள். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் ஒன்றுமில்லை. அந்தக் கழுத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

கால் இருக்கிறதா?

இப்போது மறுபடி பெரட்டுக் களத்துக்கு வருகிறேன். இதெல்லாம் நடந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

துரையின் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதோ இலக்கணம் பேசியிருப்பேன். நல்ல வேளையாக அதற்குள் எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி சங்கிலி வேப்பங்கொத்தோடு ஓடிவந்தார். பேய்க்குக் கால் தரையில் படாது, முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்றார். சடையண்ணனோ பட்டாளத்து பூட்ஸ் போட்டிருந்தார்.

"சப்பாத்தக் கழட்டு."

"கழட்டினா திரும்ப மாட்டச் சிரமமுங்க பூசாரி."

"கழட்டுடாங்கிறேன்!"

அண்ணன் சேற்றில் உட்கார்ந்து மெதுவாகக் கழற்றினார். உள்ளே துணியாய்ச் சுற்றியிருந்தது. அதையும் பிரித்தார். பூசாரி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். வலது காலில் பெருவிரல் மட்டும் இருந்தது. இடது காலில் இரண்டு விரல் இருந்தன.

"காலு இருக்கு," என்று பூசாரி கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வெரலுதான் கொஞ்சம் கொறையுது," என்றார்.

"ஒறபனியில விட்டுட்டு வந்துட்டேனுங்க," என்றார் அண்ணன், அங்கே யாரோ ஒருவரிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு வந்தவரைப் போல.

எங்கே இருந்தார், ஏன் கடிதம் போடவில்லை என்று கங்காணி துருவித் துருவிக் கேட்டார். துருக்கிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்களாம். பிடிபட்டவர்களெல்லாம் நாள்கணக்கில் நடந்தார்களாம். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் சொல்லவில்லை. சண்டை முடிந்ததும் விட்டுவிட்டார்கள். பம்பாய் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். "எந்த எஸ்டேட்டுன்னு கேட்டாங்க. நரிமலைன்னு சொன்னேன். அவங்க புஸ்தகத்துல நரியும் இல்ல, மலையும் இல்ல."

எப்படி இருக்கும்? காகிதத்தில் எங்கள் தோட்டத்துக்கு யாரோ ஒரு பழைய துரையின் சொந்த ஊர்ப் பெயர். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கே அது வாயில் நுழையாது. எல்லாத் தோட்டத்துக்கும் இப்படி வெள்ளைக்காரப் பெயர் ஒன்று, நாம் கூப்பிடுகிற பெயர் ஒன்று. நரிமலை, கண்டிச்சீமை என்று விலாசமிட்டு அண்ணன் போட்ட கடிதம் ஒன்று, அவர் வந்து சேர்ந்து அடுத்த வருஷம்தான் வந்தது. உறையில் இடமில்லாமல் முத்திரை குத்தியிருந்தார்கள்.

பயம் தெளிந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள். வாய்க்கால் வெட்டும் கருப்பண்ணன்தான் முதலில் பேசினார். "ஒங்கருமாதிக்கு எங்க வீட்டுல ரெண்டு கொத்து அரிசி குடுத்தோம்ப்பா."

"சாப்பாடு எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார் அண்ணன். அவருக்குத் தெரியவேண்டியது அதுதான்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ரசத்துல மட்டும் உப்பு தூக்கலு."

"யாரு வச்சது?"

கருப்பண்ணன் சொன்னார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவனயா விட்டீங்க? ஒரு மனுசன் செத்திருக்கான், வாய்க்கு ருசியா ஒரு ரசம் வைக்க ஆளில்லையா இந்தத் தோட்டத்துல?"

கூட்டம் சிரித்தது. அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சாயி அக்கா நடந்துவந்தார். சிரிப்பு நின்றது. அக்கா அண்ணனின் முகத்தைப் பார்த்தார். சேற்றில் கிடந்த பூட்ஸைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

"இல்ல."

அக்கா மடியிலிருந்த ரொட்டியை எடுத்து அவர் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

சாக்பீஸ் பெட்டியில் ரொட்டி

கருமாதி முடிந்தவருக்கு லயத்தில் இடமில்லை என்று பூசாரி சொல்லிவிட்டார். லயத்துக் காம்பரா அறைக்குள் விடக்கூடாது, யாரும் தண்ணீர் கொடுக்கக்கூடாது, பெரட்டில் பக்கத்தில் நிற்கக்கூடாது. ஆகவே அண்ணன் என்னோடு பள்ளிக்கூடத்தில் தங்கினார். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை யாரும் கொடுத்திருக்க முடியாது, அதைவிட நல்ல சாப்பாடும் கொடுத்திருக்க முடியாது. குரக்கன் மாவை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்னென்னவோ செய்தார்.

முதல் நாளே காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்.

"பரவாயில்ல தம்பி. அங்க ஒருத்தன் நாலு நேரமும் என்னய செத்த நாயேன்னுதான் கூப்பிடுவான். நீ கொஞ்சம் மரியாதையாச் சொல்லியிருக்க."

ஒரே ஒரு தொந்தரவு. ரொட்டியை ஒளித்து வைப்பார். சாக்பீஸ் பெட்டியைத் திறந்தால் கால் ரொட்டி. தேசப்படத்தைப் பிரித்தால் உள்ளேயிருந்து ஒரு துண்டு உருளும். என் கோட்டுப் பையில் ஒரு வாரத்து ரொட்டி கல்லாகிக் கிடந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பாடத்தை விட்டுவிட்டு ரொட்டி தேடினார்கள். எதற்கண்ணே என்று கேட்டால், "இருக்கட்டும் தம்பி, எங்கயாச்சும் இருக்கட்டும்," என்பார்.

நான் அக்காவைத் தேடிக்கொண்டு போனேன். நிரையில் அதே இடத்தில் நின்றார். அண்ணனோடு திரும்பச் சேர்ந்து வாழும்படி என் தரப்பு நியாயமெல்லாம் சொன்னேன். அக்கா கொழுந்தைக் கூடைக்குள் எறிந்துகொண்டே சொன்னார்.

"வாத்தியாரய்யா, நான் ஒருக்கா அழுது முடிச்சுட்டேன். வளையல ஒடச்சாங்க, தாலிய வாங்குனாங்க, பதினாறு நாளு மூலையில ஒக்காந்தேன். இப்ப வந்து நிக்குது இந்த மனுசன். சந்தோசந்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா நாளைக்கே இன்னொரு தொரை வந்து, எனக்குச் சோறு எறங்கலன்னு சொன்னா, இது திரும்பவும் கரண்டியத் தூக்கிக்கிட்டுப் போயிரும். இன்னொருக்கா தாலி அறுக்க என்னால ஏலாது."

நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க சொல்லித்தான் இம்புட்டும்."

ஹல்துமுல்லைத் தோட்டத்தில் இருக்கும் தன் அண்ணன் வேலாயுதத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து கூட்டிக்கொண்டு போவார். அங்கேயே பேர் பதிந்து வேலைக்குப் போவதாக ஏற்பாடு. துரையும் சரி என்றுவிட்டார். அக்கா போய்விட்டால் அண்ணனுக்கு இந்த மலையில் யாருமில்லை. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. நான் கொன்ற மனிதரைத் திரும்ப வாழவைக்க எனக்கு இருந்தது நாலு நாள்தான்.

பூசாரியின் தீர்ப்பு

பூசாரியிடம் ஓடினேன். சங்கிலிப் பூசாரி லேசில் வழிக்கு வருகிற ஆளில்லை. சாம்பிராணியை நாலு தரம் போட்டார், கண்ணை மூடினார், திறந்தார்.

"செத்தவன் திரும்பி வாழணும்னா ஒரே வழிதான். திரும்பப் பொறக்கணும்."

"எப்படிங்க?"

"புள்ளைக்கு என்ன செய்வீங்க? குளிப்பாட்டணும், தொட்டில்ல போடணும், சேனை வைக்கணும், பேரு வைக்கணும். அது அத்தனையும் செய்யணும். தாலி அறுத்த பொண்டாட்டி கூட நின்னு பாக்கணும். அதுக்கப்புறம் அவன் சுத்தமானவன். தாலி கட்டிக்கிறதும் கட்டாததும் அந்தப் பொம்பளையோட இஷ்டம்."

நாற்பதைத் தாண்டிய, மீசை வைத்த ஒரு சமையற்காரருக்குத் தொட்டில். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் வெட்கத்தில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "தம்பி, எம்மேல கோவம்னா ரெண்டு அடி அடிச்சிரு. இது என்னடா?"

அக்காவிடம் நானே போய்க் கேட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வர்றேன். அந்த மனுசன் உசுரோட இருக்கட்டும். பாத்துட்டு அப்பிடியே எங்கண்ணனோட போயிருவேன். அதுக்கு மேல எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை

கொழுந்து மடுவத்தின் உத்தரத்தில் இரண்டு கம்பளியை முடிந்து தொட்டில் கட்டினோம். காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. ஹல்துமுல்லையிலிருந்து வேலாயுதம் வந்து, தங்கையின் ட்ரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். இதோ முடிந்துவிடும், கிளம்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். அக்கா அவர் பக்கத்தில் நின்றார்.

குளிப்பாட்டிய அண்ணனை நாலு பேர் தூக்கித் தொட்டிலில் போட்டோம். ஒரு முடிச்சு நழுவியது. பிள்ளை பிறந்த கையோடு தொப்பென்று தரையில் விழுந்தது.

"ஐயோ இடுப்பே!" என்றது பிள்ளை.

கூட்டம் சிரிசிரியென்று சிரித்தது. பூசாரிக்குக் கோபம். மெஷின் ஸ்டோரிலிருந்து கயிறு கொண்டுவந்து இறுக்கிக் கட்டிப் பிள்ளையை மறுபடி போட்டோம். இரண்டு காலும் முழங்காலோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மருத்துவச்சி அங்கம்மா எங்கள் தோட்டத்தில் பாதிப்பேரை உலகத்துக்கு இழுத்துக் கொண்டுவந்தவர். கை பழக்கம் விடுமா? பிள்ளை என்று சொன்னதும் தொட்டிலருகே போய்க் காலைப் பிடித்து விரலை எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு…" என்றார். பிறகு நிறுத்திக்கொண்டார். முந்தானையை இழுத்து அந்தக் காலை மூடினார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள்.

"புள்ள அழணும்," என்றார் பூசாரி. "அழாத புள்ள செத்த புள்ள. அழு."

தொட்டிலுக்குள்ளிருந்து, "ங்கா," என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி சிரிப்பு.

"இது அழுகையா? ஒழுங்கா அழு."

"ங்கா… ங்கா…"

"சடையா, வெளையாட்டில்ல இது."

 பிறகு கம்பளிக்குள்ளிருந்து அண்ணனின் குரல் வந்தது. "எனக்கு அழ வராதுங்க பூசாரி. அழுதா அடிப்பானுங்க. பழக்கம் விட்டுப்போச்சு."

பூசாரி வேப்பங்கொத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். சரி, சேனையை வைத்துவிடலாம் என்றார். பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், அதனால் யோசித்துத்தான் ஆளைப் பிடிப்பார்கள். பெரிய கங்காணி துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். பூசாரி அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, நீங்க வாங்க. ஒங்க வாயிதானே கொன்னுச்சு, ஒங்க கையாலயே வைங்க."

பெரகலையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் கெஞ்சி வாங்கிய கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றைத் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் அதைக் கண்ணால் பார்ப்பதே அரிது. விரலைத் தோய்த்துக்கொண்டு தொட்டிலுக்குள் குனிந்தேன். அண்ணன் என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். ஆவென்று வாயைத் திறந்தார். நாக்கில் வைத்தேன்.

அவர் வாயை மூடினார். சிரிப்பு போய்விட்டது. 

"இனிப்புடா தம்பி," என்றார்.

"ஆமாண்ணே."

"சின்னதொரை கேட்டாரு. சீனி கேட்டாரு. நடக்க முடியல அவருக்கு, நாந்தான் தூக்கிக்கிட்டுப் போனேன். கடைசியில சீனி, சீனின்னு கேட்டாரு. சின்னப் புள்ள தம்பி அவரு. எங்கிட்ட இல்ல. நான் குசினிக்காரன், எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

அப்போது அழுதார். முதலில் சத்தமே இல்லை, தொட்டில் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. ஒரு ஆண்பிள்ளை அப்படி அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. விவரம் தெரியாமல் பின்னால் நின்ற இரண்டு பேர், "இதுதான்டா அழுகை!" என்று சிரித்தார்கள். அங்கம்மா திரும்பி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அழுகை நிற்கவில்லை. பூசாரி வேப்பங்கொத்தைப் பிடித்துக்கொண்டு மந்திரத்தை மறந்துபோய் நின்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்தப் பத்து மாதத்தில் நான் அழவேண்டியதெல்லாம் அன்றுதான் அழுதேன்.

கருப்பட்டித் தண்ணீர்க் கிண்ணத்தை யாரோ என் கையிலிருந்து வாங்கினார்கள். பார்த்தால் பேச்சாயி அக்கா. அதை அங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு, தொட்டில் கயிற்றைப் பிடித்தார்.  மெதுவாக ஆட்டத் தொடங்கினார். அழுகை அப்போதும் நிற்கவில்லை. அக்காவும் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

வேலாயுதம் பெட்டியோடு இரண்டு காலையும் மாற்றி மாற்றி நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, நேரமாகுது. இப்ப எறங்குனாத்தான் பெரகலைக்குப் போயி வண்டியப் புடிக்கலாம். வா."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பச்சப்புள்ள அழுவுது. வுட்டுட்டு எங்கண்ணே வரச் சொல்ற?"

வேலாயுதம் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்தார்.